ரைட்டு மாமா ஆள் ஏற்றி வந்த மூக்கு பஸ்

இந்த மலைநாட்டில் ரைட்டு மாமா உத்தரவு கொடுக்காமல் எதுவும் நகர்ந்தது கிடையாது. பிணம் உட்பட. எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஒரு சாவு. பாடையைத் தூக்கிய நேரம் மாமா அதன் பக்கத்தில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு, போகலாம்!" என்றார். அன்று சுடுகாடு வரைக்கும் குலுங்கிய தோள்களில் எது அழுகை, எது சிரிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓய்வு பெறவில்லை. ஹட்டனுக்குச் சற்று முன்னால், மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் பழைய பஸ்களுக்கு ஒரு நூதனசாலை, அதாவது மியூசியம், நடத்துகிறோம். நடத்துகிறோம் என்றால், நான் கூட்டித் துடைப்பேன், கவலைப்படுவேன். மாமா பஸ்களோடு பேசுவார்.

போன வருடம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டக் கொட்டகை ஒன்றில் இஞ்சின் மூக்குப்போல முன்னால் நீண்ட ஒரு மூக்கு பஸ் கிடப்பதாகத் தகவல் வந்தது. மாமா முதன்முதலில் தோல்பை மாட்டிய பஸ் அது. ஆனால் தோட்டத்துத் தொரை அதைப் பழைய இரும்புக் கடை முதலாளி ஒருவருக்குப் பேசி முடித்திருந்தார். மாமா போய் பங்களா வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் தொரை ஒரு வழி சொன்னார்: பஸ் நூதனசாலை வாசலைத் தாண்டினால் எங்களுக்கு, வழியில் படுத்துக்கொண்டால் முதலாளிக்கு.

மாமாவும், அவரைப் போலவே ஓய்வு பெற்ற டிரைவர் பண்டாவும் சேர்ந்து இஞ்சினுக்கு எப்படியோ உயிர் கொடுத்தார்கள். சில்லு உருளாமல் அண்டக் கொடுக்கும் கட்டையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். முதலாளி வெற்றிலையை மென்றபடி லொறியில் பின்னாலேயே வந்தார், இழவு வீட்டுக்குப் பந்தல்காரர் வருவதுபோல.

முதல் வளைவில் கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் நின்றார்கள். மாமா மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் நின்றது.

"மாமா, இது நூதனசாலைக்குப் போற பஸ்ஸு! ஆள் ஏத்தக் கூடாது!"

மாமா வாய் திறக்குமுன், ஏறிய அக்கா ஒருத்தி பதில் சொன்னாள். "எங்க போனா என்ன, ஹட்டன் பக்கந்தான போகுது? தள்ளி உக்காருங்க தம்பி."

"பண்டா அண்ணே, நீங்களாவது நிறுத்தாம போங்க!"

"மணி அடிச்சா கால் தானா பிரேக்குக்குப் போகுது தம்பி. மொனவ கரன்னத? என்ன செய்ய?" என்று அவர் கையை விரித்தார். நான் பயந்தது மணிக்கு அல்ல, ஸ்டியரிங்கை விட்ட அந்தக் கைக்கு.

அடுத்த வளைவில் சேவலோடு ஒருவர். அதற்கடுத்ததில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் முதலாளி தலையை நீட்டி, "படுத்துருச்சா?" என்பார். "ஆள் ஏறுது!" என்பார் மாமா.

டிக்கோயா தாண்டிக் கடைசி ஏற்றம். தூறல் வேறு. பாதி ஏற்றத்தில் குடையோடு ஒரு வயதான அம்மா. மாமாவின் கை கயிற்றுக்குப் போனது.

"மாமா, கும்புட்டுக் கேக்குறேன்! இதுல நின்னா இந்தப் பஸ்ஸு ஏறாது!"

மணி அடித்தது. பண்டா பிரேக் போட்டார். இஞ்சின் ஒரு இருமலோடு அடங்கியது. நான் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைத்தேன். முதலாளி கட்டி இழுக்கும் சங்கிலியோடு இறங்கினார்.

"அவ்வளவுதான் பெரியவரே. எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க."

மாமா இருக்கைக் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த வாய் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அப்போது குடை மேலே உயர்ந்தது.

"மாப்ள! நீங்களா? எவ்வளவு நேரமா மழையில நிக்குறேன்! ஒரு பஸ்ஸாச்சும் நிப்பாட்டுனானா? இந்த ஐயாதான் நிப்பாட்டுனாரு. சங்கிலியக் கீழ போட்டுட்டுத் தள்ளுங்க!"

"அத்தே, அது வந்து..." என்று முதலாளி இழுத்தார்.

"தள்ளுங்கன்றேன்!"

முதலாளி தள்ளினார். கல்யாணக் கூட்டம் தள்ளியது. கொழுந்துப் பெண்கள் தள்ளினார்கள். சேவல்காரர் சேவலை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினார். மாமியார் மட்டும் முன் சீட்டில் அமர்ந்து, "இன்னும் பலமா!" என்றார். ஏற்றத்தின் உச்சியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பஸ் அத்தனை பேரோடும் நூதனசாலை வாசலைத் தாண்டியது. அங்கே யாரும் இறங்கவில்லை. டவுன் வரைக்கும் விடச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள்.

"அது முதலாளியோட மாமியாருன்னு தெரிஞ்சுதானே மணி அடிச்சீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"ஒரு அம்மா மழையில நிக்குறாங்க. கண்டக்டருக்கு வேற என்னடா தெரியணும்?"

இப்போது மாமாவுக்கு முழங்கால் சரியில்லை. நான்தான் நூதனசாலைக்கு ஓட்டோவில் அழைத்து வருகிறேன். வழியில் யார் நின்றாலும் என் தோளில் தட்டுகிறார். பிரேக்கை நினைத்தால் பயம், பொலிசை நினைத்தால் இன்னும் பயம். ஆனாலும் அவர் தட்டும் இடத்திலெல்லாம் நிறுத்துகிறேன். ஒருநாள் தட்டாமல் வந்துவிடுவாரோ என்பதுதான் இப்போதைய என் பெரிய கவலை.