கண்ணாடிப் பெட்டியில் நடு இடம்

இப்போதெல்லாம் எவனுக்கும் வெட்கம் கிடையாது. ஒரு பழைய காசு கிடைத்தால் போதும், ஊரையே கூட்டிக் காட்டுகிறான். நல்ல பொருள் வைத்திருப்பவன் வாயைத் திறக்கவே மாட்டான்.

லியோன் நகரத்துத் தச்சர் ஒக்தாவ் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். காசு சேர்ப்பவர்கள் சங்கம் காப்பிக்கடைப் பின்னறையில் வருஷா வருஷம் கண்காட்சி வைக்கும். பதினோரு வருஷமாகக் கண்ணாடிப் பெட்டியின் நடு இடம் அவருடைய வெள்ளிக் காசுக்குத்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பக்கத்து வீட்டு லெயோன்சின் ஈயக் காசு உட்கார்ந்திருந்தது. புரட்சிக் காலத்தில், அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க அடித்த வெள்ளோட்டக் காசாம். சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகாத பயல்!

"போலி," என்றார் ஒக்தாவ். "ஒரு பக்கம் பொம்பளத் தலை, மறுபக்கம் மொட்டை. பாதிக் காசு எவன்யா அடிப்பான்?"

காசுகளைச் சோதிக்கும் மதாம் பெர்த் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "வெள்ளோட்டத்துல ஒரு பக்கம்தான் அடிச்சுப் பார்ப்பாங்க, மூசே ஒக்தாவ். நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க." காசுக்குப் பக்கத்திலிருந்த விவர அட்டையில் அதையும் எழுதினார். கூட்டம் நெருங்கி வந்தது.

லெயோன்ஸ் மீசையைத் தடவினான். ஒக்தாவ் பெட்டிமேல் குனிந்தார்.

"தலை நடுவுலயே இல்லியே! குடிச்சிட்டு அடிச்சானா?"

"அட, ஆமா! அச்சு நகர்ந்திருக்கு. இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல!" என்றார் மதாம் பெர்த்.

உடனே அந்தக் காசுக்கு அடியில் வெல்வெட் துணி விரித்தார்கள். ஒக்தாவின் வெள்ளிக் காசுக்கு அடியிலிருந்து உருவிய துணி.

"விட்டுடுய்யா ஒக்தாவ்," என்று லெயோன்ஸ் சிரித்தான். "நீ திட்டத் திட்ட அது பெரிய ஆளாகுது."

ஒக்தாவ் காசை வாங்கித் திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"மொட்டைப் பக்கத்துல என்னது இது? பச்சைப் பெயின்ட்! நான் என் கையால கலக்குற பச்சை. இந்த ஊர்ல வேற எவன்கிட்டயும் கிடையாது. என் பட்டறைக் குப்பையைப் பொறுக்கி எவனோ காசு செஞ்சிருக்கான். எழுதுங்க மதாம், இதையும் எழுதுங்க!"

மதாம் பெர்த் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வாங்கினீங்க, மூசே லெயோன்ஸ்?"

லெயோன்ஸ் மீசையிலிருந்து கையை எடுத்தான். "வாங்கல... வீட்டைப் பெருக்கும்போது கிடைச்சுதுன்னு என் பொண்டாட்டிதான் குடுத்தா."

மூலையில் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி ஓதில் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பச்சை உங்க பச்சையேதான் அண்ணே. நீங்க செஞ்சு குடுத்த அலமாரி ஆடுதுன்னு நான் கத்தினப்ப, உங்க ஆணி டப்பாவுலேருந்து ஒரு தகட்டை எடுத்து, என்னன்னுகூடப் பார்க்காம அலமாரிக் காலுக்கு அடியில சொருகிட்டுப் போனீங்களே, அது இதுதான்."

ஒக்தாவ் காசை வெல்வெட் மேல் வைத்தார். தொப்பியை மாட்டினார். வாசலைத் தாண்டி நடந்துகொண்டே சொன்னார்:

"அப்பவும் போலிதான்."