கடைசி அத்தியாயமும் ஆலந்தலைச் சித்தியும்

துப்பறியும் கதையின் முதல் பாகத்தை எப்படியாவது முடித்துவிட்டு எழுத்தாளர் நிம்மதியாகப் போய்விடுகிறார். இரண்டாம் பாகம் வரும்வரை அவதிப்படுவது வாசகர்தான். அதிலும் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதிய கதையாக இருந்து, வாசிப்பவருக்கு இருபத்தாறு வயதும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலையும் இருந்தால், அந்த அவதியை வெளியே சொல்லவும் முடியாது.

முதல் பாகம் இப்படி முடிந்திருந்தது: கடலில் மூழ்கிப் போனாள் என்று ஊரே நம்பிய ஒரு மாணவி, மழையில் நனைந்தபடி தோழி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. முற்றும். (முற்றுமாம்.) அவளைக் கடலில் தள்ளியது யார் என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓட்டினேன். படகுக்காரன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் பாகம் ஒரு சனிக்கிழமை கூரியரில் வந்தது. மறுநாள் பூசை முடிந்ததும் என்னைப் பெண் பார்க்க ஆலந்தலையிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். அதற்கு முன் கைகூடி வந்த வரன்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்ததால், அம்மாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எனக்கும் பயம்தான். வரன் அமையுமா என்ற பயம் எது, அந்தப் பிள்ளையை மறுபடியும் கொன்றுவிடுவார்களோ என்ற பயம் எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் வந்து இறங்கியபோது எனக்கு நான்கு அத்தியாயங்கள் பாக்கி. புத்தகத்தைக் குளியலறைத் துணிக்கூடைக்குள் ஒளித்து வைத்தேன். மக்ரூன் தட்டை நீட்டினேன், உள்ளே போனேன். காபி கொடுத்தேன், உள்ளே போனேன். அம்மா சமையலறை வாசலில் மறித்தாள்.

"ஏளா, வயித்துக்குச் சரியில்லையா?"

"இல்லம்மா."

"பெறவு எதுக்குப் போய்ப் போய் வார? அவிய என்ன நெனைப்பாவ?"

என்ன நினைத்தார்கள் என்பது மாப்பிள்ளையின் சித்தியின் முகத்திலேயே தெரிந்தது. அவர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வையாலேயே ஒரு வகுப்பை உட்கார வைக்கக்கூடியவர். "பிள்ள முகத்துல ஏதோ கலக்கம் இருக்கே" என்றார். கலக்கம் கூடிப்போனது.

மாப்பிள்ளையும் நானும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். படியேறும் நேரத்தில் ஒரு பக்கமாவது ஓடிவிடும் என்ற நப்பாசையில் புத்தகத்தை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு போனேன். மாடியில் காற்று வீசி, முந்தானை விலகி, புத்தகம் நேராக மாப்பிள்ளையின் காலடியில் விழுந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "ரெண்டாம் பாகம் இங்கனயும் வந்துட்டா? நான் சிங்கப்பூர்லயே வாங்கிப் படிச்சிட்டேன். கப்பல்ல வேற என்ன பொழுதுபோக்கு? அவளத் தள்ளுனது யாருன்னு தெரிஞ்சதும் நான் ஆடிப்போயிட்டேன். அது வந்து..."

"சொல்லாதீங்க" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினேன். "உங்க கால்ல விழுதேன். அது யாருன்னு மட்டும் சொல்லிராதீங்க."

எங்களைக் கூப்பிட வந்த சித்தி அப்போது பாதிப் படியில் நின்றிருக்கிறார். வந்த வழியே இறங்கியும் போய்விட்டார்.

நாங்கள் கீழே வந்தபோது வீடு பெரிய வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரி இருந்தது. சித்தி என் அப்பாவிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, பிள்ள மனசுல வேற ஆள் இருக்கு. அது யாருன்னு சொல்லிராதீங்கன்னு எங்க பையன்கிட்ட கெஞ்சுதா. என் காதால கேட்டேன்."

அம்மா என் கையைப் பிடித்தாள். "யாருளா அவன்?"

என் புத்தி இன்னும் நடுக்கடலில் கிடந்தது. "எனக்கு எப்படிம்மா தெரியும்? இன்னும் நாலு அத்தியாயம் இருக்கே" என்றேன்.

அப்பா நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைதான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "சித்தி, அவ சொன்னது இந்தக் கதையில வார ஆள."

சித்தி அட்டையைப் பார்த்தார். சீருடை போட்ட பிள்ளையின் படம். பிறகு பட்டுச்சேலையில் நின்ற என்னைப் பார்த்தார். "இது சின்னப் பிள்ளைய படிக்கிற புஸ்தகமில்லா. சும்மா சமாளிக்காதலே. கதையில வார ஆளுன்னா, அவன் யாருன்னு சொல்லு பாப்போம்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. "சொல்லுங்க" என்றேன். (பின்னாளில் பீடத்தின் முன் சம்மதம் சொன்னபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை.)

"பாட்டு வாத்தியார், சித்தி."

"எதுக்குத் தள்ளுனான்?"

அதையும் சொன்னார். எப்படி மாட்டினான் என்பதையும் சொன்னார். நடுவில் அம்மா வேறு, "அப்ப படகுக்காரன் நல்லவனா?" என்று கேட்டுத் தெளிந்தாள். நான் கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன்.

சித்தி பக்கத்தில் வந்து என் தலையைத் தடவினார். "நடிப்புன்னா இப்படி அழ வராது. புஸ்தகத்துக்குத்தான் அழுதா" என்று சபைக்கு அறிவித்தார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

அதன்பிறகு எங்கள் இரு குடும்பங்களிலும் காதல் என்ற சொல் வழக்கொழிந்துபோனது. யாருக்கு வரன் பார்த்தாலும், "பாட்டு வாத்தியார் யாரும் உண்டுமா?" என்றுதான் சித்தி முதலில் கேட்பார். போன மாதம் என் நாத்தனாரிடம் அப்படிக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உண்டாம். பையன் யார் என்று விசாரித்தால், பக்கத்துப் பங்குக் கோயிலில் நிஜமாகவே பாட்டு சொல்லிக்கொடுக்கிறவன். வீடே விழுந்து விழுந்து சிரித்ததில் கோபப்பட யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. சம்மதித்தாகிவிட்டது. தன்னைக் கண்டாலே இந்த வீட்டார் ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று அந்தப் பையன் மட்டும் திகிலோடு வந்து போகிறான். கல்யாணம் முடியும்வரை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது சித்தியின் உத்தரவு.