எங்கள் லயத்தின் முதற்பெயர்

அன்பு மருமகள் நித்தியாவுக்கு,

கோல சிலாங்கூரிலிருந்து லோகேஸ்வரன் மாமா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். உன் நலம் தெரியவில்லை. போனை எடுத்தால்தானே தெரியும்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உங்கள் நூலகத்தில் ரப்பர்த் தோட்டத்து ஊர்ப் பெயர்களை ஒழுங்குபடுத்தி, ஒன்றை முதற்பெயராகவும் மற்றதை வேறு பெயராகவும் வைத்து, இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப் போகிறோம், வரைபடக்காரர்களும் படக் காப்பகத்தாரும் அதோடுதான் இணைத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னபோதே, "பார்த்து லா, தொட்டியில விழுந்தது எல்லா வீட்டுக் குழாயிலயும் வரும்" என்று எச்சரித்தவன் நான். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, என்ன பெயர் என்று கேட்டாய். நான் யூனியன் தலைவராக இருந்தபோது தோட்டத்துத் துரையே வந்து, பேண்டு முழங்க, 'லோகேஸ்வரன் லயம்' என்று பலகை நட்டதைச் சொன்னேன். "பலகையே இருந்துச்சுன்னா அதான் மாமா முதற்பெயர்" என்றாய். வேறு பெயர் உண்டா என்றாய். கிடையாது என்றேன்.

போன ஞாயிறு பழைய தோட்டத்து ஆட்களின் ஒன்றுகூடல். வரைபடத்தில் என் பெயர், காப்பகத்துப் படத்தில் என் பெயர், அதைப் பார்த்து ஏற்பாட்டுக்கார விமலன் அடித்த பேனரிலும் என் பெயர். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் பேனருக்குக் கீழே நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். அப்போது சுங்கை ஆயர் தாவாரிலிருந்து இராஜம்மா வந்தாள். நாங்கள் மரம் சீவப் போனபோது லயத்துப் பிள்ளைகளை ஆயாக் கொட்டாயில் வைத்துப் பார்த்துக்கொண்ட தாயம்மா அக்காவின் மகள்.

"பேத்திகிட்ட காட்டலாம்னு போன்ல தேடுனேண்ணே. அம்மா பேரு எங்கயும் இல்ல. எங்க தொட்டாலும் நீங்கதான் வர்றீங்க."

எங்கள் லயத்துத் தனபாலன் சும்மா இருப்பானா? "ஏண்ணே, நீங்க எத்தன பிள்ளைக்குக் குண்டி கழுவி விட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இராஜம்மா சிரிக்கவில்லை. சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டாள். என் மகள் உஷாராணி முதன்முதலில் நடந்ததே அந்தக் கொட்டாயில்தான், நித்தியா. பெற்ற எங்களுக்கு முன்னால் அதைப் பார்த்தது தாயம்மா அக்காதான்.

ஆகவே அவர் பெயரை இரண்டாவதாகச் சேர்த்துவிடு. நீ அங்கே மாற்றினால் இணைத்தவர்களிடமும் மாறும் என்றாயே. பலகைச் சாட்சி இருக்கிறது, என் பெயர் மேலே இருப்பதுதான் முறை. என்ன செய்ய?

பத்துமலை முருகன் உன்னையும் மாப்பிள்ளையையும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் காக்கட்டும்.

உன் மாமா,
லோகேஸ்வரன்

பி.கு: பலகை இல்லை. பேண்டும் இல்லை. எல்லாரும் சொன்னது தாயம்மா லயம்தான், நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் பெயரை மேலே போட்டுவிட்டு, முதல் போன் இராஜம்மாவுக்குப் போடு. என் பெயரை எடுத்துவிடு. முடிந்தால் வேறு பெயர்களில், கடைசியில், ஓரமாக… வேண்டாம், எடுத்துவிடு.