ஒரு நூல் தள்ளி

உலகில் வேலை செய்பவர்கள் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அடுத்தவர் முடித்த வேலையில் ஒரு திருத்தம் சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. குழம்பின் உப்பு, கல்யாணப் பத்திரிகையின் எழுத்தளவு, சுவரில் மாட்டிய படத்தின் சாய்வு, எதுவானாலும் இரண்டடி பின்னால் போவார், ஒரு கண்ணை மூடுவார், தலையைச் சாய்ப்பார். "எல்லாம் சரி. ஒரு நூல் தள்ளியிருக்கலாம்." ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? அதுவா முக்கியம்? தள்ள வேண்டும்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியை நான் துபாயின் சத்வா பகுதியில் பார்த்தேன். பெயர் விஜயபாஸ்கர். இங்கே அரபுக் கல்யாணங்களில் ஆண்கள் துப்பாக்கியைச் சுழற்றி வானத்தில் எறிந்து பிடித்து ஆடுவார்களே, அந்தப் பழைய பாணித் துப்பாக்கிகளைக் கையால் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர்.

பித்தளை வேலை அம்மையப்பனுடையது. துப்பாக்கியின் மரக்கட்டையில் பள்ளம் செதுக்கிப் பித்தளைப் பூண் பதிக்க, பூணின் உட்புறம் விளக்குக்கரி தடவி மரத்தில் அழுத்த வேண்டும். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். மூன்று நாள் இப்படி உழைத்து, மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே தலைமயிர் நுழையாதபடி பதித்திருந்தார். துப்பாக்கிக்குச் சொந்தக்காரரான அரபுப் பெரியவர், பட்டறைப் பேச்சில் 'அர்பாப்', அதாவது முதலாளி, வந்து, அதை ஒற்றை விரலில் கிடத்திப் பார்த்தார். ஆடாமல் நின்றது. "ஸைன், ஸைன்", நன்று நன்று, என்று அம்மையப்பனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மையப்பன் வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைக்கும் லீவு. சனிக்கிழமை மனைவி சரோஜாவுக்கு ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை. இந்த வேலை முடிந்தால்தான் லீவுத் தாளில் விஜயபாஸ்கர் கையெழுத்துப் போடுவார்.

முடிந்துவிட்டதே என்கிறீர்களா? தன்னைக் கேட்காமல் ஒரு வேலை சரியாக முடிந்துவிட்டால் இந்த இனம் தாங்குமா?

"அம்மையப்பா, பூண் ஒரு நூல் முன்னால போகணும்."

"சார், பள்ளம் வெட்டியாச்சு. நவுத்துனா பழைய பள்ளம் பல்லக் காட்டும். அர்பாபே பாத்து சரின்னுட்டாருல்ல?"

"அர்பாபுக்கு என்னய்யா தெரியும்? எனக்குப் பதினாறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்!"

"அவரு நாற்காலிக்கும் அதே பதினாறுதான்" என்று மரவேலை செய்யும் உஸைர் குனிந்தபடி முனகினார்.

உண்மைதான். பதினாறு வருடத்தில் விஜயபாஸ்கர் ஓர் அரத்தைத் தொட்டதில்லை. உழைக்கும் கை கீழானது, சுட்டிக்காட்டும் விரல் மேலானது என்ற நம்மூர் சாத்திரத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். எந்தச் சுங்கத்திலும் அது பிடிபடவில்லை.

பூண் நகர்ந்தது. பழைய பள்ளம் பல்லைக் காட்டியது. அதை மறைக்க அகலமான இன்னொரு பூண் போடச் சொன்னார். எடை கூடியது. பெரியவர் மறுபடி வந்து விரலில் வைத்தபோது துப்பாக்கி தலைகுப்புறச் சாய்ந்தது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று பெரியவர் இந்தியில் கேட்டார்.

"மேனே போலா தா, அர்பாப். யே ஆத்மி சுன்தா நஹி!" தான் சொன்னாராம், இவன்தான் கேட்கவில்லையாம். விஜயபாஸ்கரின் விரல் அம்மையப்பன் பக்கம் நீண்டது.

புதுக் கட்டையில் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றாயிற்று. லீவுத் தாளில் வியாழனை அடித்து, அடுத்த வியாழனை எழுதினார் விஜயபாஸ்கர்.

"சார், சனிக்கிழம ஆபரேஷன் சார்."

"ஒரே ஒரு வாரந்தானேப்பா. டாக்டர்கிட்ட சொல்லித் தள்ளி வைக்கச் சொல்லு."

டாக்டர் தள்ளி வைக்கவில்லை. சனிக்கிழமை காலை சரோஜா ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனபோது, அம்மையப்பன் இங்கே புதுக் கட்டையில் கரி தடவிக்கொண்டிருந்தார். முதலில் வைத்த அதே இடத்தில், அதே அளவில் பூணைப் பதித்தார். விஜயபாஸ்கர் உற்றுப் பார்த்தார்.

"பாத்தியா? இதத்தானேய்யா நான் மொதல்லயே சொன்னேன்!"

உங்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் உங்களிடம் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் நாளை ஒரு தாளை நீட்டுவார். அதில் எல்லாம் சரியாகவே இருக்கும். வேறு ஓர் எழுத்தும் சேர்க்காமல், கையெழுத்தை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுக்க உங்களால் முடியுமா?

"முடியும், ஆனால்..." என்கிறீர்களா? அந்த "ஆனால்" முடிவதற்குள் எங்கோ ஒரு சரோஜா தனியாக உள்ளே போய்விடுவார்.