அடையாளபுரியின் ஒரே வாசல்

வரைபடம் போட்டவர்கள் மை தீர்ந்துபோனதால் விட்டுவிட்ட நாடு அடையாளபுரி. அதன் கோட்டைக்கு ஒரே வாசல். உள்ளே போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் பெயரையும், பதிந்துவைத்த ரகசியச் சொல்லையும் காவலரிடம் சொல்ல வேண்டும். கீரை விற்றுவிட்டுத் தராசை மறந்து வந்தவரும் மறுபடி சொல்ல வேண்டும். வரிசை வெயிலில் ஆற்றங்கரை வரை நீளும்.

மன்னர் இன்பவளவர் நல்ல மனிதர். மறதிதான் கொஞ்சம் அதிகம். முடிசூட்டு விழாவில், "என் ஆட்சியில் ஒருவரும் வாசலில் காத்து நிற்க மாட்டார்கள்" என்று மூன்று முறை முழங்கினார். ஊரே கைதட்டியது. அமைச்சர் ஞானமூர்த்தியார் அந்த வாக்கியத்தையே மன்னரின் ரகசியச் சொல்லாக ஏட்டில் பதிந்துவிட்டார். ஊருக்கே தெரிந்தது எப்படி ரகசியம் ஆகும் என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

சொன்னபடி செய்யவும் செய்தார்கள், அதை மறைக்கக் கூடாது. சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னவருக்கு முத்திரையிட்ட மண்வில்லை கொடுத்தார்கள். அதை அவரவர் இடுப்பில் முடிந்துகொள்ளலாம். அடுத்த முறை காட்டினால் போதும். மன்னருக்கு மட்டும் பொன்வில்லை. ஒரு மாதம் மக்கள் அவரை வாயார வாழ்த்தினார்கள்.

பிறகு யாரோ வில்லையைத் தொலைத்தார். அதைக் கண்டெடுத்தவன் உள்ளே போய் ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான். அமைச்சர் ஏழு நாள் யோசித்து, வில்லை ஒரு நாளைக்கு மட்டுமே செல்லும் என்றார். அடுத்து, வெற்றிலை மென்று துப்பும் நேரம் சும்மா இருந்தாலே செல்லாது என்றார். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்த எண்பது பேரை வெளியே கொண்டுபோய் மறுபடி விசாரித்தார்கள். ரகசியச் சொல்லில் ஒரு பறவையும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும், மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று ஆணை வந்தது. மன்னரின் சொல்லுக்கு விலக்கு உண்டு. மூன்று முறை தப்பாகச் சொன்னவர் மறுநாள்தான் வரலாம். முகம் பார்த்து உள்ளே விடுவது பெருங்குற்றம். சொல் மறந்தவர்கள் விண்ணப்பிக்க ஒரு ஜன்னலும் வைத்தார்கள். அது கோட்டைக்குள் இருந்தது. ஆடு இன்னும் கிடைக்கவில்லை.

ஒருநாள் மன்னர் வேட்டைக்குப் போயிருந்தபோது, இதுவரை கொடுத்த வில்லைகள் அனைத்தும் செல்லாது என்று அமைச்சர் முரசறைந்தார். மன்னருடைய பொன்வில்லைக்கு விலக்கு அளிக்க மறந்துவிட்டார். மறதி அந்த அரண்மனையில் ஒட்டுவாரொட்டி.

அன்றுதான் வாசலில் நின்ற காவலன் கொடுமுடியின் மனைவிக்குக் கோட்டைக்குள் வலி கண்டது. மருத்துவச்சி சடைச்சி வெளியிலிருந்து ஓடி வந்தாள். கொடுமுடி பிறந்தபோதே பேறு பார்த்தவள் அவள்தான். வந்தவள் இரண்டு முறை தப்பாகச் சொல்லிவிட்டாள்.

"மைனாவா, கௌதாரியா... ஞாபகம் வரலடா. உன் பொண்டாட்டி கத்துறது கேக்குதா?"

"கேக்குது ஆத்தா" என்றான். அவன் வேல் வாசலுக்குக் குறுக்கேயே இருந்தது.

அந்த நேரம் மன்னர் திரும்பி வந்து பொன்வில்லையை நீட்டினார். அது செல்லாது என்று கொடுமுடி பணிவாகச் சொன்னான். மன்னர் கோபப்படவில்லை. சட்டம் தன்னையும் தடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. ரகசியச் சொல்லைக் கேட்கும்படி அவரே சொன்னார். கொடுமுடி கேட்டான். மன்னர் தாடியைத் தடவினார்.

"விழாவில் ஏதோ சொன்னோம்... நன்றாகத்தான் சொன்னோம்."

உள்ளேயிருந்து இன்னோர் அலறல். கொடுமுடி கதவைத் திறந்து, சடைச்சியைக் கைப்பிடித்து உள்ளே விட்டான். பெருங்குற்றத்தைச் செய்து முடித்துவிட்டு மறுபடி குறுக்கே வந்து நின்றான்.

"அவள் முகம் தெரிந்தது. நம் முகம் தெரியவில்லையா?" என்றார் மன்னர்.

"நல்லாவே தெரியுதுங்க மகராசா. ஆத்தா வந்த வேலை எனக்குத் தெரியும், அதுக்கு முகம் போதும். உங்ககிட்ட நீங்க சொன்ன சொல்லைத்தான் கேக்கணும்."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மன்னரைப் பிடிக்கும். அதனால் வேப்பமர நிழல் விழும் இடமாகப் பார்த்து, வரிசையில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்கள்.

உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டபோதும் மன்னர் அங்கே நின்று யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.