சௌந்தரபாண்டியனால் முடியாத காரியங்கள்

உ

சங்கரன்கோவில்
27-9-1976

என் மனைவியுடன் பிறந்தவரும், சென்னையில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவருமான மைத்துனர் சிரஞ்சீவி சங்கரபாண்டியனுக்கு, யூனியன் ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னுச்சாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. சங்கரலிங்க சுவாமி கிருபையால் இங்கே உம் அக்காளின் முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே நீரும் குழந்தைகளும் சௌக்கியமாக இருந்தால் அதை ஒரு கார்டிலாவது தெரிவிக்கவும்.

பட்டாளத்தில் பாதிப் பாதத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்த என் மகன் சௌந்தரபாண்டியனுக்கு ஊனப் பென்ஷன் இல்லையென்று பதில் வந்துவிட்டபடியால், மேல்மனு போட வேண்டும், அதற்கு அவனால் என்னென்ன முடியாது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்பும் என்று கேட்டிருந்தீர். முப்பது நாள் கெடு என்றும் எழுதியிருந்தீர். அதில் பத்தொன்பது நாள் நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்ததிலேயே போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் எழுதாத மனு கிடையாது. இந்த ஒரு தாள்தான் எழுத வரமாட்டேன் என்கிறது.

முதலில், சைக்கிள் மிதிக்க முடியாது என்று எழுதினேன். மை காய்வதற்குள் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு மூட்டை உளுந்தைக் கேரியரில் கட்டி மிதித்துக்கொண்டு வந்து வாசலில் இறங்கினான். பாதம் வழுக்காமல் இருக்கப் பழைய டயரை வெட்டிப் பெடலில் வார் அடித்து வைத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு முழுப் பாதம் உள்ளவர்களே நாலு பேர் அதேபோல் அடித்துக்கொண்டார்கள். சரி, ஏணி ஏற முடியாது என்று போடலாம் என்றால், போன மாதம் மழைக்கு முன்னால் கூரையில் ஓடு மாற்றியவனே அவன்தான். நிற்க முடியாது என்று போடலாமென்றால், மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவன், பின்னால் நின்ற பிள்ளைத்தாச்சிக்கு இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் போய் மறுபடி நின்றான் என்று ஊரே சொல்கிறது. நான் எதைத்தான் எழுத?

அவன் கால் போன கதையே இந்த ஊரில் செல்லுபடியாகவில்லை. எழுபத்தொன்று சண்டையில் வடக்கே மலையுச்சியில் காவல் நின்றபோது இடது பாதத்தின் முன்பாதி பனியில் விறைத்துக் கறுத்து, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். இதைப் பக்கத்து வீட்டுச் சிவனாண்டியிடம் சொன்னால், 'பனி எங்கயாவது காலைத் திங்குமா அண்ணாச்சி, மார்கழி பூரா நான் வயக்காட்டுலதான கெடக்கேன்' என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சௌந்தரபாண்டியன் கோபப்படவே இல்லை. சிவனாண்டியைச் சர்பத் கடைக்குக் கூட்டிப்போய், பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு பெரிய ஐஸ் கட்டியை அவன் கால் விரல்கள்மேல் வைத்து, நான் சொல்லும்வரை எடுக்கக் கூடாது என்றானாம். எழுபது எண்ணுவதற்குள் சிவனாண்டி துள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். அதன்பிறகு அவன் எங்கே பார்த்தாலும் என் மகனுக்குக் கும்பிடு போடுகிறான். இருபத்தெட்டு வயசில் இந்த நிதானம் யாருக்கு வரும்?

இப்படிப்பட்டவனுக்குப் பென்ஷன் எப்படிப் போயிற்று என்று கேட்பீர். உம்மிடம் மறைப்பானேன், அதைக் கெடுத்தவன் நான். விண்ணப்பம் போட்டுவிட்டு, அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று கோமதியம்மைக்கு நேர்ந்துகொண்டேன். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் என் மகன் கோயிலை நூற்றொரு ஆடிச்சுற்று சுற்றுவான் என்று. ஒற்றைக் காலில் தபசு நின்ற அம்மைக்கு இவன் கால் விவகாரம் புரியாதா? காரியம் முடிந்தபிறகு செய்வதைவிட முன்கூட்டியே செய்தால் அம்மைக்கும் ஒரு நெருக்கடி இருக்கும் என்று நினைத்தேன். அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கோயிலில் பூட்ஸ் கூடாதே, பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் கோபுர வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒருவர் வந்து நின்று, யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? 'அந்தா வாரான் பாருங்க, அவன் எம் மவன். பட்டாளத்துக்காரன். பாதிப் பாதம் கிடையாது. இது எழுபத்து நாலாவது சுத்து' என்றேன். வலிக்காதா என்று கேட்டார். ஆடிச்சுற்றில் வரும் வலியை அம்மை வாங்கிக்கொள்வாள், அதோடு என் மகனுக்கு வலியென்பதே கிடையாது என்றேன். அவர் சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பத்திரிகைக்காரர் போலிருக்கிறது என்று நான் என் பெயரையும் முகவரியையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவர் பென்ஷன் விசாரணைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர். வீட்டுக்குப் போய் விசாரித்தபோது, பையன் கோயிலைச் சுற்றப் போயிருக்கிறான் என்று உம் அக்காள்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஊனம் பதினைந்து சதவீதம், இருபதுக்குக் குறைந்தால் பென்ஷன் கிடையாது என்று பதில் வந்துவிட்டது. பாதிப் பாதம் போனால் ஐம்பது என்றுதானே எந்தப் பள்ளிக்கூடத்திலும் கணக்கு? மில்லில் வேலை கேட்டுப் போனால் ஊனம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். பென்ஷன் கேட்டால் ஊனமில்லை என்கிறார்கள். மருமகள் ஆறுமுகத்தாய் வேறு ஆறு மாதம். அந்தக் குழந்தைக்கு இவன் எதைக்கொண்டு பால் வாங்குவான் என்பதுதான் எனக்குக் கவலை.

ஆகவே தாளை வெறுமையாகவே இத்துடன் வைத்திருக்கிறேன். முடியாதவற்றை உம் வக்கீலிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளவும். உமக்கும் உம் வீட்டாருக்கும் எங்கள் ஆசிகள். நோய்நொடி அண்டாமல், மழை நாளில் வெந்நீர் குடித்து, பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உம் அத்தான்
பொன்னுச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஆறுமுகத்தாயிடம் படித்துக் காட்டினேன். புருஷன் பெருமையைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, 'இதெல்லாம் நீங்க பாக்கையில அவுக செய்யுதது மாமா. நீங்க பாக்காததையும் எழுதுங்க' என்றாள்.

ஆடிச்சுற்று முடிந்த மறுநாள், கடையநல்லூரில் தன்னோடு பட்டாளத்தில் இருந்த மன்சூர் அலியைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் போயிருந்தான். கடையநல்லூருக்கே போகவில்லையாம். குருவிகுளத்தில் அவள் அம்மா வீட்டில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறான். பாதத்தில் ஒட்டிப்போன துணியை வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரித்தார்களாம். ஓடு மாற்றி இறங்கிய அன்று கொல்லையில் போய் வலியில் வாந்தி எடுத்தானாம். தினமும் காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பும்வரை அவன் படுக்கையை விட்டு எழுவதில்லை. பட்டாளத்தில் பட்ட கஷ்டத்துக்கு இங்கே தூங்குகிறான் என்றிருந்தேன். நான் தெருமுனை தாண்டியதும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்குப் போவானாம். அப்பாவுக்குத் தெரிந்தால் முகம் வாடிவிடும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

மாப்பிள்ளை, மேலே எழுதியதை வக்கீல் கண்ணில் காட்ட வேண்டாம். நீர் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மனுவுக்கு இதை எடுத்துக்கொள்ளும்: என் மகனால் வலியில்லாமல் நிற்க முடியாது. செருப்பில்லாமல் நடக்க முடியாது. காலையில் எழுந்ததும் ஊன்ற முடியாது. என் கையாலேயே எழுதிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் உள்ளே வந்தான். நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். 'இருக்கட்டும்ப்பா, நான் நிக்கேன்' என்றான். 'உக்காருலே மக்கா' என்றேன். என் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.