நாலு வரித் துக்கம்

சனிக்கிழமை தன் வீட்டுக்கு ஒரு கூட்டமே துக்கம் கேட்க வரப்போகிறது என்று தெரிந்ததும் தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறந்துபோனது அவருடைய மனைவி. அந்த அம்மாள் அப்போது வீட்டில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கவிதைதான் கெடுத்தது.

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கவிதை வட்டம் கூடும். நூலகர் அம்மா பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதிப் போடுவார். அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு நாலு வரி எழுத வேண்டும். சொந்த வாழ்க்கையிலிருந்து மட்டுமே எழுத வேண்டும், கற்பனைக்கு இடமில்லை என்பதில் அவர் படு கண்டிப்பு. முதல் வாரம் வந்த சொல் 'குடை'. தராசின் குடை கறுப்பு, மழை வந்தால் விரிப்பார். அதையே எழுதினார். வாசித்து முடித்ததும் யாரோ எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். அவ்வளவுதான் விமர்சனம்.

அடுத்த வாரம் 'நாற்காலி'. நாற்காலியால் தன் வாழ்க்கையில் என்ன நடந்துவிட்டது என்று தராசு மண்டையை உடைத்துக்கொண்டார். வட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெயின்டர் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த தராசு மளமளவென்று எழுதினார்.

எதிரே உன் நாற்காலி
காலியாக இருக்கிறது.
நீயே இல்லாத வீட்டில்
அதற்கு என்ன வேலை?

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "எப்ப சார் போனாங்க?" என்று தழுதழுத்தார்.

மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தராசு தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு குனிவில் அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு 'சாவி' வந்தாலும் சரி, 'தலையணை' வந்தாலும் சரி, அவள் மீண்டும் மீண்டும் செத்தாள். 'உப்பு' வந்த வாரம் வட்டமே விசும்பியது.

உப்புக் கூடிப்போச்சென்று
உன்னோடு சண்டை போட்டேன்.
இன்று நானே சமைக்கிறேன்.
சண்டை போட ஆளில்லை.

அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டேதான் இதை எழுதினார். அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள் கூடத் தன்னால் ஓட்ட முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அவளிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். வட்டத்தில் சொன்னால் கைதட்டல் கிடைத்தது.

கைதட்டல் அத்தோடு நிற்கவில்லை. அவருடைய கவிதைகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போட்டுவிட்டார்கள். வரும் சனிக்கிழமை எல்லோருமாகப் போய்த் துக்கம் கேட்டு, மறைந்த அம்மாவின் படத்துக்கு முன்னால், அவர் வீட்டிலேயே வெளியிடப் போவதாக நூலகர் அம்மா அறிவித்தார்.

வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், உட்கார இடமில்லை என்று தராசு சொல்லிப் பார்த்தார். யார் அடிக்கிறார்கள், என்ன கலர், தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பெயின்டர் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்று வேறு சொல்லிவிட்டார்.

தப்பிக்க வழி தெரியாமல் தராசு அடுத்த குண்டைப் போட்டார். "வீட்டுல கட்டாயப்படுத்தி இன்னொரு கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. புதுசா வந்தவ முன்னாடி பழைய பேச்சு எடுத்தா நல்லாருக்காது, பாருங்க."

இதற்கு மேல் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார். கண்டக்டர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். புது மனைவிக்கு ஒரு பரிசும் வாங்குவதாக அங்கேயே முடிவானது.

மிச்சமிருந்தது ஒரே வழி. அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றே, சனிக்கிழமை போய்விட்டு வாயேன் என்று மனைவியிடம் குழைந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கிளப்பிவிட்டுட்டு யாரை வரச் சொல்லியிருக்கீங்க?"

சனிக்கிழமை காலையிலேயே வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாயந்தரம் மணி அடித்ததும் கதவைத் திறந்தவளும் அவள்தான். தராசு உள்ளே கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் பரிசுப் பெட்டியை நீட்டி, புது வாழ்க்கை நன்றாக அமைய வேண்டும் என்று வாழ்த்தினார். யாருடைய புது வாழ்க்கை என்று அவள் கேட்டாள். பெயின்டர் சங்கடத்தோடு புத்தகத்தைக் கொடுத்தார். "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களைப் பத்தி சார் எங்க நூலகக் கவிதை வட்டத்துல எழுதினதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அட்டையில் 'மறைந்த என் மனைவிக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள். நாற்காலியைப் படித்தாள், சாவியைப் படித்தாள், உப்பில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தராசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"இந்த வட்டம்... எந்த நூலகத்துல நடக்குது?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

பதில் சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. முழங்கால் வலியோடு படியேறிக் கடைசியாக வந்து சேர்ந்தார் நூலகர் அம்மா. வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, புதுப் பொண்ணு நீங்கதானா? நம்ம நூலகத்துப் புதன்கிழமை பெண்கள் வட்டத்துல, செத்துப்போன வீட்டுக்காரரைப் பத்தி எழுதி எழுதி எங்களை எல்லாம் அழவெச்சீங்களே, மறுபடி கல்யாணம் ஆனதை ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."